அரிது என்பதனால் மறைக்கலாமா?

நாம் வியாபாரிகள். மிளகு மூட்டையின் அடிப்பக்கத்தில் ஈரம் தாக்கியிருக்கிறது என்று தெரிந்தால், வாங்க வருபவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கப்பட்ட பாடம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்ட வரலாற்றை அறியாதார் நம்மில் இரார். நூறு மூட்டையில் ஒரு மூட்டைதானே என்றோ, வாங்குபவர் வீணாகக் கலங்குவாரே என்றோ அங்கே சாக்குச் சொல்ல இடமில்லை.

சரக்கு விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்று பேசுகின்ற நாம், மனித உடம்பு விஷயத்தில் மட்டும் வேறொரு நீதியைக் கைக்கொள்கிறோம். வீட்டுப் பெரியவருக்குச் சிகிச்சை என்றால், ‘அத்தாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்’ என்று டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொல்லி வருகிறோம். இது அன்புதானா, அல்லது அன்பின் பெயரால் நடக்கும் மறைப்பா? சில மாதங்களாக இந்தக் கேள்வி நம் நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமான சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர், வயது எழுபதைக் கடந்தவர், மேல் தட்டிலிருந்து டின் ஒன்றை எடுக்கப்போய் முக்காலியிலிருந்து சறுக்கி விழுந்தார். முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. ஆறு வாரம் படுக்கை. நோவு குறையவில்லை. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில், நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்தி அதைத் தாங்க வைக்கலாம் என்றார்கள். டாக்டர் பிள்ளைகளை அழைத்து அதன் நன்மை தீமைகளை விளக்கத் தொடங்கியபோது மூத்த மகன் குறுக்கிட்டு, ‘எங்களிடம் சொன்னதே போதும், அத்தாவிடம் நல்லதை மட்டும் சொல்லுங்கள்’ என்றார். உடனிருந்த நாமும் தலையாட்டினோம். பெரியவர் தம்மால் வாசிக்க இயலாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்திட்டார்.

மறுநாளே அவர் எழுந்து நடந்தார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்றாவது வாரத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு இளைத்தது. நெஞ்சில் ஓர் இறுக்கம். முதுகுக்குத்தானே வைத்தியம் நடந்தது, நெஞ்சுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர் நினைத்தார். வாயுத் தொல்லை என்று பத்து நாள் ஓமத்தண்ணீர் குடித்துவந்தார். ஒரு ஜும்ஆவன்று தொழுகை முடிந்து எழ முடியாமல் சுவரைப் பிடித்தபோதுதான் பிள்ளைகள் பதறிப்போய்த் தூக்கிச் சென்றார்கள். படம் எடுத்துப் பார்த்ததில், சிமெண்டின் ஒரு துணுக்கு இரத்தக் குழாய் வழியே பயணம் செய்து, இருதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரல் குழாயில் போய்த் தங்கியிருந்தது தெரிந்தது. இறைவன் அருளால் மருந்திலேயே தேறினார். வீடு திரும்பியதும் மகனைக் கூப்பிட்டு அவர் கேட்டது இதுதான்: ‘மூச்சு இளைத்தால் உடனே வாருங்கள் என்று ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தால், பத்து நாள் ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்திருப்பேனா?’

மகனிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம். முதுகெலும்பைச் சுற்றி இரத்த நாளங்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. கை கால் நாளங்களில் உள்ளதுபோல் இரத்தத்தை ஒரு பக்கமாகவே போகவிடும் தடுப்பு வால்வுகள் இவற்றில் இல்லை. எலும்புக்குள் செலுத்தும்போது சிமெண்ட் கூழாக இருக்கிறது. சில நிமிடங்களில் இறுகுகிறது. இறுகுமுன் கொஞ்சம் கசிந்து நாளத்துக்குள் புகுந்தால், அது பெருநாளத்தைச் சேர்ந்து இருதயத்தின் வலப்பக்கத்துக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகக்கூடும். சிறு கசிவுகள் அடிக்கடி காணப்படுபவையே. பெரும்பாலானவை எந்தத் தொல்லையும் தருவதில்லை. நுரையீரல் வரை போவது குறைவு. இருதயத்துக்குள்ளேயே தங்கி அதன் சுவரைக் குத்துவது மிக மிக அரிது. ஆனால் அப்படியும் நேர்ந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்னும் புகழ்பெற்ற அமெரிக்க வைத்திய ஏடு, 56 வயது மனிதர் ஒருவரைப் பற்றி வெளியிட்டது. முதுகெலும்பில் சிமெண்ட் வைத்து ஒரு வாரத்தில் அவர் நெஞ்சுவலியோடு வந்தார். கூரிய சிமெண்ட் துண்டு ஒன்று அவருடைய இருதயத்தின் வலது மேலறையையும் வலது நுரையீரலையும் துளைத்திருந்தது. நெஞ்சைத் திறந்து அதை எடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். அவர் உரிய காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சிமெண்ட் மட்டுமன்று. குடலிறக்கம், கால் எலும்பு, பிரசவம் போன்ற சிகிச்சைகளுக்காக முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முறையை நம் குடும்பங்களில் பலர் அறிவார்கள். 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் டாக்டர் தொடங்கிவைத்த முறை அது. இருதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்யும் நரம்புகள் மார்பின் மேற்பகுதியில் தண்டிலிருந்து புறப்படுகின்றன. மருந்தின் வேகம் அவ்வளவு உயரம் ஏறிவிட்டால் துடிப்பு தளரும். கால்களின் குழாய்கள் விரிந்து இரத்தம் அங்கேயே தேங்கி, இருதயத்துக்குத் திரும்புவதும் குறையும். பிரான்சு நாட்டில் நடந்து 1997-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், இப்படி ஊசி போடப்பட்ட 40,640 பேரில் 26 பேருக்கு இருதயம் நின்றது என்று கண்டார்கள். அதாவது 10,000 பேருக்கு ஆறேழு பேர். மயக்க மருந்து டாக்டர் கண் இமைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். உடனே கவனித்தால் நின்ற இருதயத்தையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஆகவே, ஆபத்து அரிது என்பது உண்மை. அதை அரிது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அரிது என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகுமா? அரிதான ஆபத்தைச் சொல்லும் கடமை டாக்டருக்கு உண்டா?

இந்த வினாவை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. 1982-ல் கார் விபத்தில் கழுத்தெலும்பு விலகிய பெண்ணொருவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கழுத்தில் செய்த சிகிச்சைக்குப் பின் அவர் கை கால் செயலிழந்து போனார். அப்படியொரு ஆபத்து உண்டென்று தமக்கு எவரும் எச்சரிக்கவில்லை என்பது அவருடைய முறையீடுகளில் ஒன்று. கீழ்க் கோர்ட்டில் வென்று, 2001-ல் அப்பீல் கோர்ட்டில் தோற்று, கடைசியில் 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றத்தில் நீதி பெற்றார். விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 24 ஆண்டுகள். ஃபூ ஃபியோ நா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் அது நிலைத்துவிட்டது.

அதற்கு முன்பு, 1957-ல் இங்கிலாந்தில் பிறந்த ஒரு விதியே பெரும்பாலும் இங்கும் செல்லுபடியானது. பொறுப்புள்ள டாக்டர்களில் ஒரு சாரார் எதைச் சரியென்று கருதுகிறார்களோ, அதைச் செய்த டாக்டர் மீது குற்றமில்லை என்பது அந்த விதி. எதை நோயாளியிடம் சொல்வது, எதை விடுவது என்பதையும் டாக்டர்களின் வழக்கமே முடிவு செய்தது. கூட்டரசு நீதிமன்றம் ஆபத்தைச் சொல்லும் விஷயத்தில் இந்த அளவுகோலை ஒதுக்கிவிட்டு, 1992-ல் ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் வகுத்த வேறோர் அளவுகோலை எடுத்துக்கொண்டது. 2017-ல் மற்றொரு வழக்கிலும், நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பழைய விதி இருக்கட்டும், ஆபத்தைச் சொல்வதில் புதிய விதியே என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கியது.

அந்த ஆஸ்திரேலிய வழக்கு நாம் சிந்திக்கத்தக்கது. சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணில் ஏறக்குறைய பார்வையில்லாத ஒரு பெண், அந்தக் கண்ணுக்குச் சிகிச்சை செய்துகொள்ளப் போனார். நல்ல கண்ணுக்கு எதுவும் நேர்ந்துவிடுமோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு கண்ணைத் தொட்டால் மறு கண்ணும் பழுதாகும் ஓர் அரிய நோய் உண்டென்று டாக்டர் சொல்லவில்லை. அதன் வாய்ப்பு 14,000-த்தில் ஒன்றுதான். அந்த ஒன்று அவருக்கே வாய்த்தது. இருந்த ஒரு கண்ணும் போயிற்று. 14,000-த்தில் ஒன்று என்பது சிறிய எண்தானே என்று நீதிபதிகள் விட்டுவிடவில்லை. அந்த ஆபத்து நேர்ந்தால் இழப்பது என்ன, அந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிது என்று கேட்டார்கள். அவருடைய நிலையில் உள்ள எந்த மனிதரும் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இவர் முக்கியமாகக் கருதுவார் என்று டாக்டருக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டும் என்றார்கள்.

வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதன்று. ஆயிரத்தில் ஒரு பங்கு நட்டம் வரலாம் என்றால், எவ்வளவு நட்டம் என்று கேட்போம். பத்து வெள்ளியா, கடையேவா? பத்து வெள்ளியென்றால் கவலையில்லை. கடையே போகுமென்றால் ஆயிரத்தில் ஒன்றானாலும் பாகஸ்தரிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்க மாட்டோம். எத்தனை பேருக்கு நேரும் என்பதோடு, நேர்ந்தால் என்ன போகும் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

மறுபக்க நியாயங்களையும் நாம் கேட்க வேண்டும். அவை அற்பமானவை அல்ல.

பயமே ஒரு நோய் என்பார்கள். இது வெறும் பேச்சன்று. தீராத துக்கத்தாலோ அச்சத்தாலோ இருதயத்தின் கீழறை திடீரெனப் பலமிழந்து ஊதிப்போகும் ஒரு நிலையை 1990-ல் ஜப்பானிய டாக்டர்கள் எடுத்துக்காட்டினார்கள். எண்காலி பிடிக்கும் பானையின் உருவத்தில் இருதயம் தோன்றுவதால் ‘தகோத்சுபோ’ என்று பெயரிட்டார்கள். முதுகெலும்புச் சிகிச்சைக்குப் பின்னும் இது சிலருக்கு நேர்ந்திருக்கிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அப்படியிருக்க, ‘உன் இருதயம் நின்றாலும் நிற்கலாம்’ என்று ஒரு முதியவரிடம் போய்ச் சொல்வது தர்மமா என்று கேட்கலாம். சட்டமும் இதை முற்றாகத் தள்ளவில்லை. சொன்னால் நோயாளிக்குப் பெருந்தீங்கு நேரும் என்று டாக்டர் உண்மையாகவே கருதினால் சொல்லாதிருக்க ஒரு சிறு வாசல் உண்டு. ஆனால் அந்த வாசல் டாக்டரின் வைத்திய அறிவுக்காகத் திறந்தது; பிள்ளைகளின் தயக்கத்துக்காக அன்று.

நம் அனுபவத்தில், பெரியவர்களை அச்சுறுத்துவது செய்தியைவிடச் சூழ்நிலையே. அறைக்கு வெளியே கூடிக் குசுகுசுப்பது, உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவது, கண்ணைப் பார்க்காமல் சிரிப்பது, இவற்றைக் கண்டு அவர் இல்லாத ஆபத்தையெல்லாம் கற்பனை செய்துகொள்கிறார். கடன், கலவரம், கடை எரிந்தது என்று வாழ்நாளெல்லாம் பார்த்த மனிதரை, ஓர் எண்ணைத் தாங்க மாட்டார் என்று நாம் எப்படி முடிவு கட்டினோம்? சொல்லும் விதத்தில்தான் கருணை வேண்டும். ‘பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. மிகச் சிலருக்கு மூச்சிளைப்போ நெஞ்சுவலியோ வரலாம். வந்தால் உடனே சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது’ என்று சொன்னால் யார் நடுங்குவார்கள்?

சிலர், எல்லாம் இறைவன் விதித்தது, இதையெல்லாம் கேட்டு என்ன ஆகப் போகிறது என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எங்கே அவிழும் என்று அறியாதவன் எப்படிக் கட்டுவான்?

இன்னும் சிலர், கேள்வி கேட்டால் டாக்டர் மீது அவநம்பிக்கை கொண்டதாகும் என்பார்கள். நம் டாக்டர்கள் நேரமின்றி உழைக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களும் இருபது பக்கப் பட்டியலை நோயாளியின் தலையில் கொட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. அது சொன்னதாகவும் ஆகாது, மறைத்ததாகவும் ஆகாது. ஆனால் நல்ல டாக்டர் கேள்வியால் வருந்துவதில்லை. சரக்கைப் புரட்டிப் பார்க்கும் வாடிக்கைக்காரரிடம் நாம் கோபித்துக்கொள்கிறோமா?

மறைப்பதால் வரும் பெரிய கேடு, சம்மதம் பொய்யாகிவிடுவது மட்டுமன்று. சிகிச்சைக்குப் பிந்திய காவலும் போய்விடுகிறது. ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் நோயாளியின் உடம்பைக் காவல் காப்பவர் நோயாளிதாம். எந்தக் கதவில் கள்ளன் வரக்கூடும் என்று காவற்காரனிடம் சொல்லாமல் விட்டுவிட்டுத் திருட்டுப் போனபின் வருந்தி என்ன பயன்? கிள்ளான் நண்பரின் பத்து நாள் இப்படித்தான் போயிற்று.

மாற்று வழிகளைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகை மறைப்பே. முதுகெலும்புச் சிமெண்ட் முறை 1984-ல் பிரான்சில் தொடங்கியது. 2009-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிலருக்குச் சிமெண்ட் வைத்தும், சிலருக்கு வைப்பதுபோல் பாவனை செய்தும் ஒப்பிட்டபோது, இரு சாராரின் நோவும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. பிறகு வந்த சில ஆய்வுகள், புதிய முறிவில் கடும் நோவு உள்ளவர்களுக்குப் பலன் உண்டு என்கின்றன. ஆகவே சிமெண்ட் தேவைப்படுவோரும் இருக்கிறார்கள், ஓய்வாலும் மாத்திரையாலும் கச்சையாலும் காலப்போக்கில் தேறுவோரும் இருக்கிறார்கள். இரண்டையும் அறிந்து தெரிந்தெடுப்பது நோயாளியின் உரிமை.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? நாம் ஐந்து சிறு காரியங்களை நம் அங்கத்தினர்களுக்கு முன்வைக்கிறோம். ஒன்று, டாக்டர் பேசும்போது நோயாளி அறையில் இருக்கட்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு, ‘எனக்குத் தெரிய வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்கள்’ என்று பெரியவரே சொன்னால் அதை மதிப்போம். அவர் கேட்காமல் நாமே அவர் வாயை அடைக்க வேண்டாம். மூன்று, படிவம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால், கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துச் சொல்ல ஒருவரை அழைத்துப் போவோம். நான்கு, மூன்று கேள்விகளை மறவாமல் கேட்போம்: இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதில் நேரக்கூடிய மோசமானது எது? வீட்டுக்குப் போனபின் எந்த அடையாளம் கண்டால் திரும்பி வர வேண்டும்? ஐந்து, இருதயத்தில் குழாய் வைத்தவர்களும், இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்பவர்களும், முதுகுச் சிகிச்சைக்கு முன் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. இரண்டிலும் ஆபத்துண்டு, இருதய டாக்டரையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

முதுகுச் சிகிச்சைக்குப் பின் நெஞ்சுவலி, மூச்சிளைப்பு, மயக்கம், கால் வீக்கம் எது தோன்றினாலும், வாயு என்றோ வயது என்றோ வீட்டில் இருந்துவிடலாகாது. அது வாரங்கள் கழித்தும் வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ‘எனக்கு முதுகெலும்பில் இன்ன சிகிச்சை நடந்தது’ என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

சில தினங்களுக்கு முன் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பழைய பருப்பு மூட்டை ஒன்றில் வண்டு விழுந்திருப்பதை வாங்க வந்தவரிடம் காட்டி, விலையைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் நம் பக்கம் திரும்பி, ‘அன்றைக்கு நீங்களும் தலையாட்டினீர்களாமே?’ என்றார். ஆம் என்று ஒப்புக்கொண்டோம். ‘சரி, இனி ஆட்டாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

அந்தத் தேநீரின் கடனுக்காகவே இதை எழுதினோம். நம் பெரியவர்களுக்கு உண்மையைச் சொல்லும் துணிவையும், அதைக் கனிவோடு சொல்லும் நாவையும் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.